போச்சம்பள்ளி சந்தையில பழைய சாமான் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

வெளிநாட்டுல இருக்குற ஃப்ரெண்டு சாரிட்டி ஷாப்ல, அதான் தானமா வந்த பழைய சாமானை விக்கிற கடையில, அடிமாட்டு விலைக்கு கோட்டு வாங்குனேன்னு போட்டோ அனுப்புறான், நம்ம கிருஷ்ணகிரி பக்கம் அந்த மாதிரி கடைக்கு எங்க போறது, நமக்கு பழைய இரும்புக்கடை, பழைய பேப்பர் கடை, ஞாயித்துக்கிழமை ஆனா போச்சம்பள்ளி சந்தை. ஆனா பாக்கத் தெரிஞ்சா அதுலயே நல்ல சரக்கு மாட்டும்.

ஸ்டெப் 1: என்ன வேணும்னு வீட்லயே எழுதிக்கோங்க. நான் முதல் தடவை சும்மா போயி மூணு அரிக்கேன் விளக்கு வாங்கிட்டு வந்தேன், வீட்ல கரண்ட் இருக்கு, அம்மா இன்னும் திட்டுது.

ஸ்டெப் 2: கட்டப்பை, சில்லறை, ஒரு சின்ன காந்தம். காந்தம் எதுக்குன்னா, பித்தளைல ஒட்டாது, ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம்.

ஸ்டெப் 3: தோசைக்கல். என்னைக் கேட்டா பழசா வாங்க இதை விட லாபமான சாமான் இல்ல. துருவைப் பாத்து பயப்படாதீங்க, துருவுனாலதான் விலையே கம்மி. பாக்க வேண்டியது விரிசல். கல்லை ஒரு கையில தொங்கவிட்டு சாவியால தட்டுங்க, டங்குனு இழுத்து சத்தம் வந்தா வாங்கலாம், டப்புனு அடங்குனா கம்முனு கீழ வெச்சிருங்க, எங்கயோ கீறல் இருக்கு. வீட்டுக்கு வந்து செங்கல் துண்டால நல்லா தேச்சு கழுவிட்டு, வடிச்ச கஞ்சிய ஊத்தி ரெண்டு நாள் ஊறவிடுங்க, தினம் கஞ்சிய மாத்தணும். அப்புறம் கழுவி துடைச்சு, அடுப்புல காயவெச்சு நல்லெண்ணெய் தடவி பாதி வெங்காயத்தால தேச்சுகிட்டே இருங்க. முதல் ரெண்டு தோசை பிஞ்சு பிஞ்சுதான் வரும், அதுக்காக கல்லைத் திட்டாதீங்க. என்னோடது 180 ரூபாய்க்கு வாங்குனது, ரவா தோசை கூட ஒட்டாம வருது.

ஆனா பழைய நான்ஸ்டிக் மட்டும் சும்மா குடுத்தாலும் வேணாம், கோட்டிங் உரிஞ்சு சோத்துல வரும்.

ஸ்டெப் 4: மிக்ஸியா இருந்தா பக்கத்துல எங்கயாவது பிளக்குல போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, கருகுற வாசம் வந்தா நடையக் கட்டுங்க. ஜார்ல தண்ணி ஊத்தி அடியில ஒழுகுதான்னும் பாருங்க. ஓட்டிப் பாக்காம ஒருத்தர்கிட்ட வாங்கி ஒரே சட்னியோட போச்சு என் காசு.

ஸ்டெப் 5: டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்க பேப்பர் கடைக்குப் போங்க, ஸ்கூல் புக் கிடைக்கும். முன்பக்கத்துல பதிப்பு வருஷம் பாருங்க, 2018லேருந்துதான் புது பாடத்திட்டம் வர ஆரம்பிச்சுது, அதுக்கு முந்தினது பழைய சிலபஸ்.

விலை பேசுறது: கண்ணுல ஆசை தெரியக் கூடாது. "அண்ணா, எடைக்குப் போட்டா கிலோ என்ன போவுது"ன்னு கேட்டுட்டு அதுக்கு மேல கொஞ்சம் வெச்சுக் கேளுங்க. காலையில போனா நல்லதைப் பொறுக்கலாம், மூட்டை கட்டுற நேரத்துல போனா விலை குறையும், ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

பித்தளைப் பாத்திரம் வாங்குனா, உள்ள வெள்ளீயம் பூசாம புளிக்குழம்பு வெச்சிராதீங்க. அப்புறம் கழுத்துப் பக்கம் திருப்பிப் பாருங்க, யாரோ ஒரு பொண்ணோட பேரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். எங்க வீட்டுக் குடத்துல அப்படி ஒண்ணு இருக்கு, அழிக்கச் சொன்னாங்க, நான் விட்டுட்டேன்.