பலர் பாட ஒரே ரிடிம்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஜமைக்காவின் ரெகே பாடல்களில் பல நேரம் பின்னணி இசையைத் தனியாகப் பதிந்து வைத்துவிடுவார்கள். அதன்மேல் ஒருவர் காதலைப் பாடுவார், இன்னொருவர் ஊர்ப் பிரச்சினையைப் பாடுவார். அந்தப் பொது இசைதான் ரிடிம். 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமை வைத்து முழு ஆல்பமே போட்டார். மெதுவான ரிடிம் ஒன்றைக் கைபேசியிலேயே செய்யலாம். பேண்ட்லேப், கராஜ்பேண்ட் என இசையமைக்கும் செயலி எதுவானாலும் சரி.

படி 1: கேளுங்கள். ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள ஸ்டூடியோ ஒன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழு 1967இல் வாசித்தது 'ரியல் ராக்'. அடுத்து, அதே ரிடிமில் வில்லி வில்லியம்ஸ் பாடிய 'அர்மகிடியன் டைம்'. அப்புறம் மிச்சிகன், ஸ்மைலி இருவரின் 'நைஸ் அப் த டான்ஸ்'. குரலை விட்டுவிட்டு பேஸை, அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிதாரை மட்டும் பின்தொடருங்கள்.

படி 2: டிரம். டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 144 தட்டு. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், காதுக்கு 72 போலத்தான் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணி, மூன்றில் மட்டும் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ரிம்ஷாட்டையும் (டிரம் விளிம்பில் குச்சி படும் ஒலி) சேர்த்து வையுங்கள். ஒன்று காலி. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தட்டிப் பழகிய கை அங்கே எதையாவது போடச் சொல்லி அரிக்கும், போடாதீர்கள். ஹை-ஹேட் (ஜோடித் தட்டுச் சிம்பல்) மெலிதாக ஓடட்டும்.

படி 3: பேஸ். அவசரப்படக் கூடாத இடம் இதுதான், ஏனென்றால் கேட்பவர்கள் ரிடிமை அடையாளம் காண்பதே பெரும்பாலும் பேஸை வைத்துத்தான். ஏ மைனர், ஜி என்று இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) போதும். ஐந்தாறு சுரங்களில் ஒரு சின்ன வரி எழுதுங்கள், நடுவில் மௌனமும் இருக்கட்டும். கருவியை அணைத்துவிட்டு அதை வாயால் முணுமுணுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சுரங்களைக் குறையுங்கள். பத்து நிமிடம் சுற்றவிட்டும் சலிக்கவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: கிதாரோ பியானோவோ, இரண்டிலும் நான்கிலும் 'சக்' என்று வெட்டி நிறுத்துங்கள். ஆர்கன் அடியில் மெல்லக் குமிழியிட்டால் போதும்.

படி 5: இங்கேயே நிறுத்துங்கள். அழகான மெட்டு ஒன்று வாசிக்க ஆசை வரும். அதைத் தொடக்கத்தில் எட்டுச் சுற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். கருவியே எல்லாவற்றையும் பாடிவிட்டால் பாடகருக்கு என்ன மிச்சம்? குரல் இல்லாமல் கேட்கும்போது கொஞ்சம் வெறுமையாகத் தோன்றுவதுதான் நல்ல ரிடிம்.

படி 6: மூன்றரை நிமிடத்துக்கு நீட்டி, ஒவ்வொரு கருவியையும் தனித்தனிக் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு பாடகர் வரும் இடத்தில் டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டால், அவருடைய பாட்டுக்கென்று தனிச் சாயல் வந்துவிடும்.

படி 7: பாடகர்கள் எல்லோருக்கும் ரிடிமை ஒரே சுருதியில் அனுப்புங்கள். மெட்டை அவரவரே போட்டுக்கொள்வதால் குரலுக்கு எட்டும் உயரத்தை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் பதிந்ததை, எல்லோரும் பாடி முடிக்கும்வரை மற்றவருக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.