பதின்ம வயதினருக்கு வாச்சாத்தியைச் சொல்லிக்கொடுப்பது எப்படி

தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அநீதி என்றால் என்னவென்று விளக்க வெளியூர் உதாரணம் தேடத் தேவையில்லை. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில், சந்தனக் கட்டைகளைப் பதுக்கியதாகச் சொல்லி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் 1992 ஜூன் 20 அன்று நுழைந்து, வீடுகளைச் சூறையாடி, ஆண்களையும் பெண்களையும் அடித்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமை என்ற சொல்லைத் தயங்காமல் சொல்லுங்கள், ஆனால் அதன் விவரங்களுக்குள் போகவேண்டாம். வகுப்பில் வனத்துறை ஊழியரின் பிள்ளையோ அந்தப் பகுதிப் பிள்ளையோ இருந்தால், முந்தைய நாளே தனியாக அழைத்துப் பேசிவிடுங்கள். அந்தப் பிள்ளை எல்லார் பார்வையிலும் படும்படி ஆகிவிட்டால், நாம் நடத்துவது பாடமாக இருக்காது.

அடுத்து, தேதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. நான் இதை எழுதி முடித்தபோது, முன்வரிசையிலிருந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவி நோட்டின் ஓரத்தில் கழித்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தொரு வருஷம், எங்கம்மாவுக்கு இப்போ அவ்வளவுதான் வயசு" என்றாள். அதன்பின் வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை உடனே கலைத்துவிடாதீர்கள். இரக்கம் ஊறுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

பிறகு கோபம் வரும். "இப்போது நாம் என்ன செய்வது?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஓவியப் போட்டியும் உறுதிமொழியும் பதிலாகாது என்பது என் கருத்து. வாச்சாத்தியில் தீர்ப்பு வந்ததற்குக் காரணம், அந்தப் பெண்கள் பேசியதும், அவர்கள் பேச்சைக் கேட்டுத் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் போன்றவர்கள் நீதிமன்றம்வரை உடன் நின்றதும்தான். ஆகவே, நம் ஊரில் இன்று யாருடைய பேச்சு கேட்கப்படாமல் இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அநேகமாக முதலில் வரும் பதில், கோடை விடுமுறையில் கல்யாணம் பேசப்பட்டு, அதன்பின் பள்ளிக்குத் திரும்பாத தோழியைப் பற்றியதாக இருக்கும்.

குழந்தைத் திருமணத்தைப் பொறுத்தவரை, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை முதலில் தெளிவுபடுத்துங்கள். கல்யாண நிச்சயம் பேசுகிறார்கள் என்று தெரிந்தாலே 1098 என்ற இலவசக் குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். இரவானாலும் அழைப்பை எடுப்பார்கள், சொன்னவர் பெயரை வெளியிடமாட்டார்கள். மாணவர்கள் அந்த வீட்டுக்குப் போய் வாதாடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கூலிக்குப் போகும் அந்தப் பெற்றோரிடம் பேசவேண்டியது பெரியவர்களின் வேலை, அதை நம்பகமான ஆசிரியரிடம் விட்டுவிடவேண்டும்.

பிள்ளைகள் முழுமையாகச் செய்யக்கூடிய வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. திரும்பி வரும் பெண்ணிடம் யாரும் எதுவும் விசாரிக்காமல், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தைக் காலியாக வைத்திருந்து, விட்டுப்போன பாடங்களை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து எழுதி அவள் நோட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.