நண்பருக்கு டெஸ்க்டாப் சேர்த்துக் கொடுக்கப் போகிறீர்களா? பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

சொந்தக் கம்ப்யூட்டரில் என்ன சோதனை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். நண்பருக்குச் சேர்த்துக் கொடுக்கும் கம்ப்யூட்டரில் அது கூடாது, ஏனென்றால் திரை ஒருமுறை கறுத்தாலும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அதனால் ஓவர்கிளாக்கிங் (பாகத்தை நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), பெயர் தெரியாத பவர் சப்ளை, வாரண்டி முடிந்த பழைய கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். தொந்தரவு தராத, எளிதில் மாற்றிக் கிடைக்கும் பாகங்களைத்தான் இங்கே தேடுகிறோம். கீழுள்ள வரிசையில் போங்கள். ஒவ்வொரு முடிவும் அடுத்த பாகத்துக்கான தேர்வைத் தானாகவே குறுக்கிவிடும்.

படி 1: நண்பரிடம் கேட்க வேண்டியவை

"கேம் விளையாடணும், கொஞ்சம் எடிட்டிங் பண்ணணும்" என்ற பதிலை வைத்து எதையும் வாங்க முடியாது. எந்த கேம், எந்த மென்பொருள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். வீடியோ எடிட்டிங் என்றால் 1080பியா 4கேயா என்றும் கேளுங்கள். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் அதன் ரெசல்யூஷன் என்ன? இன்டர்நெட் கேபிளில் வருகிறதா, வைஃபையா? மேசைக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது?

அடுத்து பணம். அவர் சொல்லும் தொகையில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் அடங்குமா என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இங்கேதான். முழுத் தொகையையும் கேபினெட்டுக்குள் போட்டுவிட்டு, கடைசியில் பழைய 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை மட்டுமே படம் மாறும்) மானிட்டரை மாட்டினால் அந்தக் கிராபிக்ஸ் கார்டு பாதி வீண்.

கேமிங்குக்கு என்றால், மானிட்டர் நீங்கலாக உள்ள தொகையில் ஏறக்குறைய 35 முதல் 45 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். ஆபீஸ் வேலை, பிரவுசிங், படம் பார்ப்பது மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கச் சொல்லுங்கள்.

படி 2: மானிட்டரை வைத்து கிராபிக்ஸ் கார்டு

24 அங்குலத்துக்கு 1080பி, 27 அங்குலத்துக்கு 1440பி பொருத்தமான ஜோடி. ரெசல்யூஷன் கூடக் கூடக் கிராபிக்ஸ் கார்டின் சுமை கூடும். 4கே திரையில் 1080பியைப் போல நான்கு மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன.

கார்டில் முதலில் பார்க்க வேண்டியது விராம், அதாவது கார்டிலேயே உள்ள மெமரியின் அளவு. புதிய கேம்களுக்கு 8 ஜிபி 1080பியிலேயே சில இடங்களில் போதாமல் போகிறது. 1440பிக்கு 12 அல்லது 16 ஜிபி எடுங்கள். ஒரே பெயரில் இரண்டு அளவுகள் விற்கப்படுவது இங்கே பெரிய பொறி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகின்றன. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, கார்டு எத்தனை பிசிஐஇ லேன்களை (கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதைகளை) பயன்படுத்துகிறது என்பது. ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன் மட்டுமே எடுக்கும். புது மதர்போர்டில் இது பிரச்சினை இல்லை. பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் வேகம் சற்றுக் குறையும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற நான்கு லேன் கார்டில் இழப்பு இன்னும் அதிகம், மேலும் அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரே கிடையாது. கேமை ரெக்கார்டு செய்து யூடியூபில் போட நினைக்கும் நண்பருக்கு அது உதவாது.

படி 3: ப்ராசசர்

பெரும்பாலான வீட்டு உபயோகத்துக்கு ஆறு கோர் போதும். ரைசன் 5 அல்லது கோர் ஐ5 வரிசையைத் தாண்டிப் போக உருப்படியான காரணம் வேண்டும்: நீளமான வீடியோ ரெண்டர், 3டி வேலை, ஒரே நேரத்தில் பல விர்ச்சுவல் மெஷின்கள். கேமிங்கையே குறியாகக் கொண்டு பட்ஜெட்டும் தாராளமாக இருந்தால் 7800எக்ஸ்3டி போன்ற, 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ள ப்ராசசரைப் பார்க்கலாம்.

பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் 7500எஃப் அப்படித்தான். ரைசன் 5000 வரிசையிலோ 'ஜி' இல்லாத எதிலுமே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடுவதாக இருந்தாலும், நண்பருக்கு உள்கிராபிக்ஸ் உள்ள ப்ராசசரையே பரிந்துரைப்பேன். நாளை கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை கம்ப்யூட்டர் ஓடும். கோளாறு கார்டிலா வேறெங்காவதா என்று பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் மிகை வோல்டேஜால் நிரந்தரச் சேதம் ஏற்படும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து வந்த மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்), பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக அதைத் தடுக்கிறது. ஏற்கெனவே சேதமான சிப்பை அது குணப்படுத்தாது. ஆகவே அந்தத் தலைமுறையில் பழையது வாங்கவே வேண்டாம். புதிது வாங்கினால் பயாஸ் அப்டேட்தான் முதல் வேலை.

படி 4: மதர்போர்டு

ப்ராசசரின் சாக்கெட்டும் (அது போர்டில் உட்காரும் இடத்தின் வகை) போர்டின் சாக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5. இதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே. ரைசன் 5000க்கு ஏஎம்4, அதில் டிடிஆர்4. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. இதில் சில போர்டுகள் டிடிஆர்4, சில டிடிஆர்5, இரண்டையும் கலந்து போட முடியாது. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851, டிடிஆர்5 மட்டும். பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு வேண்டுமென்றால் ஏஎம்5 நல்ல தேர்வு. 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அதை ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

சாக்கெட் பொருந்தினாலும் போர்டு ஓடாமல் போகலாம். பி650 போர்டு வெளிவந்த பிறகு வந்தது ரைசன் 9000. கடையில் நெடுநாள் கிடந்த போர்டில் பழைய பயாஸ் இருந்தால் அந்தப் ப்ராசசரை அது அடையாளம் காணாது. மின்விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ப்ராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாக பயாஸ் ஏற்றும் 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டை எடுத்தால் இந்தக் கவலை தீரும். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும். ஃபைலின் பெயரையும் கையேட்டில் சொன்னபடியே மாற்ற வேண்டும். பெயர் ஒரு எழுத்து பிசகினாலும் விளக்கு சில நொடி மின்னிவிட்டு நின்றுவிடும்.

இவற்றையும் பார்த்துவிடுங்கள்:

- ரேம் ஸ்லாட் நான்கா இரண்டா, எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) எத்தனை, வைஃபை உள்ளேயே இருக்கிறதா.
- சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சாட்டா போர்ட் (ஹார்டு டிஸ்க் கேபிள் மாட்டும் இடம்) ஒன்றிரண்டு செயலிழக்கும். நண்பரிடம் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் கையேட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.
- கேபினெட்டின் முன்பக்கத்தில் யூஎஸ்பி-சி இருந்தால், அதற்கான இணைப்பு போர்டிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டைதான்.
- வண்ண விளக்குகள் வேண்டுமென்றால்: 5 வோல்ட் மூன்று பின் வேறு, 12 வோல்ட் நான்கு பின் வேறு. 5 வோல்ட் பட்டையை 12 வோல்ட்டில் மாட்டினால் எல்இடி எரிந்துவிடும்.

படி 5: ரேம்

சாதாரண வேலைக்கு 16 ஜிபி; கேமிங்கும் எடிட்டிங்கும் சேர்ந்தால் 32 ஜிபி. எவ்வளவு வாங்கினாலும் ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு குச்சிகளாக எடுங்கள். ஒற்றைக் குச்சி போட்டால் மெமரியின் அலைவரிசை பாதியாகும். உள்கிராபிக்ஸை நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் அந்த அடி நன்றாகவே தெரியும்.

ரைசன் 7000க்கு டிடிஆர்5-6000 (வேகம்), சிஎல்30 (தாமத அளவு) என்பது விலைக்கும் வேகத்துக்கும் நடுவே நல்ல இடம். நான்கு குச்சி போடுவதைத் தவிருங்கள். ஏஎம்5இல் நான்கு குச்சிகளுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. "இப்போ 32, பிறகு இன்னொரு 32 சேர்த்துக்கலாம்" என்ற திட்டம் பல சமயம் நிலையில்லாத கம்ப்யூட்டரில் போய் முடியும்.

படி 6: எஸ்எஸ்டி

1 டிபி என்விஎம்இ (வேகமான இணைப்பு வகை), 2280 அளவு (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்), டிஎல்சி ரக மெமரி சிப். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கியூஎல்சி ரகம் மலிவுதான், ஆனால் பெரிய ஃபைல்களை எழுதும்போது கேஷ் நிரம்பியதும் வேகம் சட்டென்று விழும். எம்.2 வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேகம் பல மடங்கு குறைவு.

படி 7: பவர் சப்ளை

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. கணக்கு எளிது. ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 60 வாட் வையுங்கள். மொத்தம் சுமார் 330. கிராபிக்ஸ் கார்டு கணநேரத்துக்கு இதைவிட அதிகமாக இழுக்கும் என்பதால் 650 வாட் எடுத்தால் நிம்மதி.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. ஐந்து ஆண்டுக்கு மேல் வாரண்டி தருகிறார்களா, சுயேச்சையாகச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாடுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் கேபிள்களை வேறு மாடலுக்கு மாற்றிப் போடாதீர்கள். பவர் சப்ளை பக்கத்து பின் அமைப்புக்குப் பொதுவான தரம் கிடையாது. முனை அழகாகப் பொருந்தும்; சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டியோ போர்டோ கருகும். பழைய பவர் சப்ளையைக் கழற்றும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே கழற்றுங்கள். கார்டில் 16 பின் இணைப்பு இருந்தால் இடைவெளியே தெரியாதபடி முழுவதும் அழுத்திச் செருக வேண்டும், இணைப்பை ஒட்டியே வளைக்கக் கூடாது. அரைகுறையாகச் செருகியவை சூடேறி உருகக்கூடும்.

படி 8: கூலர், கேபினெட்

ரைசன் 5 7600 பெட்டியில் கூலர் வரும். 7600எக்ஸ் பெட்டியில் வராது. தனியாக வாங்குவதென்றால் நான்கு ஹீட் பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) உள்ள டவர் கூலர் போதும். லிக்விட் கூலரில் பம்ப் என்ற ஒன்று கூடுதலாக இருக்கிறது, அது ஒருநாள் நிற்கும். அந்தப் போனும் உங்களுக்குத்தான் வரும்.

டவர் கூலர்களின் உயரம் பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. கேபினெட்டின் விவரத்தில் உள்ள அதிகபட்ச கூலர் உயரத்தோடு ஒப்பிடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் அப்படியே. முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் மாட்டினால் 27 மி.மீ. ரேடியேட்டர், 25 மி.மீ. விசிறி என்று 50 மி.மீ.க்கு மேல் இடம் போய்விடும் என்பதையும் கழித்துப் பாருங்கள்.

முகப்பில் கண்ணாடி உள்ள கேபினெட் படத்தில் அழகாக இருக்கும், காற்று உள்ளே வராது. வலை முகப்பு, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. தூசி வடிகட்டி கழற்றி எடுக்கும்படி இருக்கட்டும்.

படி 9: ஆர்டர் போடும் முன்

முழுப் பட்டியலையும் மாடல் எண்ணோடு எழுதி நண்பருக்கு அனுப்புங்கள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் ப்ராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும், அந்த ரேம் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் அவர் பெயரில் இருக்கட்டும். வாரண்டி கேட்டுப் போக வேண்டியவர் அவர்தான். எல்லாப் பாகங்களையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். எஸ்எஸ்டியை இந்த மாதமும் போர்டை மூன்று மாதம் கழித்தும் வாங்கினால், எஸ்எஸ்டி பழுது என்று தெரியவரும்போது திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.

படி 10: கேபினெட்டுக்குள் போடும் முன் ஒரு சோதனை

போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து ப்ராசசர், கூலர், ரேம், பவர் சப்ளை மட்டும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சிகள் என்றால் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஏஎம்5 போர்டு முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். போர்டின் பிளாஸ்டிக் சாக்கெட் மூடியையும் எறியாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

திரை வந்ததும் பயாஸில் ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 6000 ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே கிடக்கும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வைஃபை, லேன் டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் போட்டு வையுங்கள். இன்ஸ்டாலேஷன் இடையில் இன்டர்நெட் கேட்கும், டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராது.

கடைசியாக, மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் மாட்டிவிட்டு "கேம் ஓடவே மாட்டேங்குது" என்பவர்கள் ஏராளம். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தாலும் நீங்கள் மாற்றாதவரை அது பெரும்பாலும் 60இலேயே இருக்கும்.