காலையில் மட்டும் கேட்ட டிக் டிக் சத்தம்

காலையில் ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம். இன்ஜின் சூடானதும் காணாமல் போய்விடும். 2004 மாடல் பெட்ரோல் கார். மெக்கானிக் கேட்டவுடனே "டேப்பட் சார், மேலே கழற்றிடலாம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. டேப்பட் என்பது இன்ஜின் மேல்பகுதியில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பாகம். இந்த இன்ஜினில் அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்வார்கள். அது கூடியிருந்தால் சூடான பிறகும் லேசாகவாவது கேட்கும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். மங்கலாகத்தான் கேட்டது. அப்புறம் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினேன் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகவே கூடாது). கடைசி சிலிண்டர் அருகே பொட் பொட் என்று காற்று அடித்தது. இன்ஜினை அணைத்து டார்ச் அடித்தால், மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டின் விளிம்பில் விரல் அகலத்துக்குக் கரி. கசிவு அங்கேதான். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்ததால்தான் சத்தம் நின்றிருக்கிறது.

மேனிஃபோல்டு நட்டெல்லாம் துரு. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். அவசரப்பட்டால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் கம்பி முறியும், அதை எடுக்கும் கூலி கேஸ்கெட் விலையைவிடப் பல மடங்கு. மேனிஃபோல்டைக் கழற்றி, அதுவும் இன்ஜினும் சேரும் இரண்டு முகங்களையும் சுரண்டித் துடைத்து, ஸ்கேல் வைத்து வளைவு பார்த்து, புது கேஸ்கெட் போட்டேன். நட்டுகளை நடுவிலிருந்து ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். சில நாள் ஓட்டியபின், இன்ஜின் ஆறியிருக்கும்போது மறுபடி இறுக்கிப் பார்த்தால், ஓரத்து நட்டு இன்னும் கால் சுற்று உள்ளே போனது.