தலையசைப்பு பதிலாகாது: தமிழ் மட்டும் பேசும் முதிய நோயாளியைப் பராமரிக்கும் தாதியருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் மருத்துவமனைகளில், தமிழில் மட்டுமே தங்கள் உடல்நிலையைச் சரியாகச் சொல்லக்கூடிய முதியோர் இன்றும் அனுமதிக்கப்படுகிறார்கள். அவர்களைப் பராமரிக்கும் தாதியரோ உள்ளூரிலிருந்தும் மலேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். கேள்வி பாதி புரிந்தாலும் புரியாவிட்டாலும், ‘மிஸ்ஸி’க்கு, அதாவது தாதிக்கு, தொந்தரவு தரக்கூடாது என்ற நினைப்பில் “சரிம்மா” என்று தலையசைத்துவிடுவது இம்முதியவர்களில் பலருக்கு வழக்கம். மரியாதைக்காகத் தரப்பட்ட அந்த ஒப்புதல் மருத்துவக் குறிப்பில் தகவலாகப் பதிவாகிவிடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஆகவே பாதுகாப்பு, நன்னெறி இரண்டுக்குமே நோயாளியின் சொந்தச் சொற்களில் பதிலைப் பெறுவதுதான் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து.

ஆளை அடையாளம் காண்பதிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். “நீங்கள்தானே லெட்சுமி?” என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எந்தப் பெயருக்கும் ஆமாம் என்பார். “உங்கள் முழுப் பெயர் என்னம்மா? அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, அவர் சொல்வதை மணிக்கட்டுப் பட்டையிலுள்ள பெயருடன் ஒப்பிட்டு, அடையாள அட்டை எண்ணையும் சரிபாருங்கள். குறைந்தது இரண்டு அடையாளங்களாவது பொருந்த வேண்டும். நோயாளியை எப்போது வேண்டுமானாலும் வேறு படுக்கைக்கு மாற்றலாம் என்பதால் படுக்கை எண்ணை ஓர் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. தமிழர் பெயர்களைப் பொறுத்தவரை தந்தை பெயரை விட்டுவிட்டால், ஒரே வார்டிலிருக்கும் இரண்டு கிருஷ்ணன்களைப் பிரித்தறிய வழியிருக்காது. வீட்டில் அழைக்கும் பெயர் வேறாகவும் அட்டையிலுள்ள பெயர் வேறாகவும் இருப்பவர்களும் உண்டு. முற்காலத்தில் இந்தியாவில் பிறந்த சிலருக்கு உண்மையான பிறந்த தேதி தெரியாது. பதிவுக்காக எழுதப்பட்ட ஒரு தேதியே அட்டையில் இருக்கும். அப்படிப்பட்டவர் தேதி சொல்லத் தடுமாறினால் அதை உடனே மறதி நோயின் அறிகுறியாக எழுதிவிடாதீர்கள்.

மருந்து கொடுக்கும்போது சரியான ஆள், மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் என்ற ஐந்தையும் சரிபார்ப்பதை எல்லாத் தாதியரும் பயிற்சியிலேயே கற்றிருப்பார்கள். முதியவர்களிடம் அதற்கு மேலும் சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்சுலின் போடுமுன் “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால் “ஆச்சு” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். “காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள், தட்டையும் கண்ணால் பாருங்கள். தைப்பூச விரதம், புரட்டாசிச் சனி, வெள்ளிக்கிழமை நோன்பு, தமிழ் முஸ்லிம்களின் ரமலான் நோன்பு ஆகியவற்றை மருத்துவமனையிலும் விடாமல் கடைப்பிடிக்க விரும்புவோர் இருக்கிறார்கள். கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சி அதை வெளியே சொல்ல மாட்டார்கள். விரைந்து செயல்படும் இன்சுலினைப் போட்டுவிட்டு உணவு உள்ளே போகாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே அளவு இறங்கினாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் தென்பட்டாலோ உடனே செயல்பட வேண்டும். நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிகிறவருக்கு விரைவில் உடலில் சேரும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவு மங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; உடனே மருத்துவரை அழையுங்கள். விரதம் இருக்கிறாரா என்பதை முதல் நாளே பரிவுடன் கேட்டறிந்து மருத்துவரிடம் தெரிவித்தால், மருந்து நேரத்தையும் அளவையும் அவரே மாற்றியமைக்க இயலும்.

நாட்டு மருந்தையும் இதே பரிவோடு விசாரிக்க வேண்டும். “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்ற கேள்விக்கு, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய லேகியத்தையோ ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த சூரணத்தையோ பலர் சொல்வதில்லை, ஏனெனில் அவர்கள் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. கஷாயம், லேகியம், பொடி, எண்ணெய் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இது மிக முக்கியம். சில மூலிகைகள் அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கீரைகளிலுள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும் என்பதை விளக்குங்கள். விளக்கி முடித்தபின் “புரிந்ததா?” என்று கேட்காமல், “வீட்டுக்குப் போய் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொல்லும் விதத்திலேயே எது விடுபட்டது என்பது தெரிந்துவிடும்.

வலியைப் பற்றிக் கேட்கும்போது, பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோல் பல முதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. குத்துகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று கேட்டால் உடனே விவரமாகப் பேசத் தொடங்குவார்கள். “வாயுதான்மா, ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், குறிப்பாக அவர் நீரிழிவு உள்ளவராகவோ வயதான பெண்ணாகவோ இருந்தால், அதை அப்படியே ஏற்காதீர்கள். இவர்களுக்கு மாரடைப்பு கடுமையான நெஞ்சுவலி இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், அளவுக்கு மீறிய களைப்பு என்று மட்டும் வரக்கூடும். உடனே மருத்துவருக்குத் தெரிவித்து, பத்து நிமிடத்திற்குள் இதயத்தின் மின் இயக்கத்தைப் பதிவுசெய்யும் இசிஜி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது சம்மதம். அறுவை சிகிச்சையை விளக்கிச் சம்மதம் பெறுவது மருத்துவரின் கடமை என்றாலும், நோயாளிக்கு விளங்கவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் தாதிதான். வார்டில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவரே என்றால் மொழிபெயர்க்க உங்களைத்தான் அழைப்பார்கள். அப்போது மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். “பயப்படாதீர்கள், சின்ன ஆபரேஷன்தான்” என்று நீங்களாக ஆறுதல் சேர்த்தால், ஆபத்தை அறிந்து முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போகும். மருத்துவச் சொல் உங்களுக்கே விளங்காவிட்டால் தயங்காமல் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தபின் சொல்லுங்கள். பேரப்பிள்ளையையோ பணிப்பெண்ணையோ இத்தகைய உரையாடலுக்கு மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள்.

பிள்ளைகள் ஒருபுறம் அழைத்துச் சென்று, “அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று கேட்டுக்கொள்வது நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது. அன்பினால் எழும் வேண்டுகோள் அது. அவர்களைக் குற்றவாளிகள்போல நடத்தக்கூடாது. ஆயினும் சிங்கப்பூரில் 2008இல் இயற்றப்பட்ட மன ஆற்றல் சட்டத்தின்படி, மாறாக நிறுவப்படும்வரை ஒருவர் தாமே முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவர் என்றே கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு விவேகமற்றதாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக அவருக்கு அந்த ஆற்றல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூத்த மகன் என்பதால் மட்டும் ஒருவருக்கு அப்பாவின் இடத்தில் சம்மதம் தரும் அதிகாரம் கிடைப்பதில்லை. தமக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும், எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தின் மூலம் நியமிக்கப்பட்டவரும் நோயாளி முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த பிறகே அவருக்காக முடிவெடுக்க முடியும். அப்போதும் உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய முடிவு மருத்துவரைச் சார்ந்தது. எனவே பெரியவரிடமே, “உங்கள் உடல்நிலை பற்றி எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது யாரிடமாவது சொல்லச் சொல்கிறீர்களா?” என்று கேளுங்கள். மகனிடம் சொல்லிவிடுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. அவர் நேரடியாக நோயின் பெயரைக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். மருத்துவரை அழைத்து வருவதாகச் சொல்லி, குடும்பத்தின் கவலையையும் மருத்துவரிடம் அன்றே தெரிவியுங்கள்.

அறுவைக்கு முன் தாலியையோ கையிலுள்ள சாமிக் கயிற்றையோ அகற்ற நேர்ந்தால், காரணம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே தொட வேண்டும்; கயிற்றைக் கேட்காமல் கத்தரிப்பது பெரும் அவமதிப்பு. கோவிலில் பழக்கமானவர் பார்க்க வந்து “என்ன வியாதியாம்?” என்று உங்களிடம் விசாரித்தால், நோயாளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

பணி முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது, நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே குறித்து வையுங்கள். ‘வலி இல்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘பரவாயில்லை என்கிறார், ஆனால் புரண்டு படுக்கும்போது முகம் சுளிக்கிறார்’ என்று எழுதினால் அடுத்து வருபவர் எங்கே கவனிக்க வேண்டும் என்பதை அறிவார். யார் மொழிபெயர்த்தார், விரதம் எந்தெந்த நாளில், எந்தச் சூரணம் நிறுத்தப்பட்டது, யாரிடம் நோய் விவரம் சொல்லலாம் என்று நோயாளி அனுமதித்தார் ஆகிய நான்கும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும்.