உப்பு மண்ணில் காட்மியம்: நிலத்தைச் சோதிப்பது எப்படி

"மண் பரிசோதனை பண்ணியாச்சே, சீட்டும் வந்தாச்சே" என்பவர்கள் அந்தச் சீட்டை இன்னொரு தடவை பாருங்கள். பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத் தன்மை), ஈ.சி. (மண்ணிலுள்ள உப்பின் அளவு), தழை, மணி, சாம்பல் சத்து, கூடிப்போனால் நுண்ணூட்டம். காட்மியம், ஈயம் மாதிரி உடம்புக்குக் கேடான கன உலோகங்கள் அதில் வராது. கன உலோகச் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், செலவும் கூடும்.

முதலில் வயலைச் சுற்றி வாருங்கள். ரோட்டோரம், குப்பை எரித்த மூலை, இறால் பண்ணை வடிகாலை ஒட்டிய பாத்தி, இவற்றின் மண்ணைத் தனியாக எடுங்கள். நல்ல மண்ணோடு கலந்தால் கோளாறு தெரியாமலே போய்விடும். மிச்ச வயலில் வரப்பையும் எருக்குவித்த இடத்தையும் விட்டுவிட்டு, வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடத்தில் மேல் புல்லைச் செதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சீவி எடுங்கள். பிளாஸ்டிக் வாளிதான். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், பழைய டி.ஏ.பி. (பாஸ்பேட் உரம்) சாக்கு வேண்டவே வேண்டாம், பாஸ்பேட் உரத்திலேயே காட்மியம் கொஞ்சம் உண்டு.

கலந்து பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக்கிலோ ஆகும்வரை இதே வேலை. நிழலில் உலர்த்தி அனுப்புங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் காட்மியத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஈ.சி. எவ்வளவு என்றும் பாருங்கள். புளிப்பு மண்ணில்தான் காட்மியம் வேருக்குச் சுலபமாகப் போகும், நம் மண்ணில் பி.எச். கூடுதல், அதனால் பயமில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் சரி. உப்பிலிருக்கும் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து, களிமண் பிடித்து வைத்திருப்பதைத் தண்ணீரில் இறக்கிவிடும், வேர் உறிஞ்சிக்கொள்ளும். தொண்டி, தேவிபட்டினம் மாதிரிக் கடலோரத்தில் உவர்ப்புத் தண்ணீர் பாய்ச்சிக் கீரை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இலையில்தான் அதிகம் சேரும், காயிலும் தானியத்திலும் பொதுவாகக் குறைவு. ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலையில் தெரிவதில் ஒரு பங்கு ஒட்டிய தூசி, நன்றாக அலசினால் குறையும்.

நெல்லில் கதையே வேறு. தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் அடங்கியிருக்கும் (ஆர்செனிக் என்ற இன்னொரு நஞ்சு அப்போதுதான் கிளம்பும், அது தனித் தலைவலி), கதிர் முற்றும்போது கண்மாய் வற்றி வயல் காய்ந்தால் காட்மியம் நெல்மணியில் ஏறும். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வைத்த காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.4 மி.கி.

சரி, என்ன செய்வது? ஐப்பசி மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, உப்பை மழைநீரிலேயே கீழே இறக்குங்கள். துத்தநாகம் குறைவு என்று சீட்டு சொன்னால் ஜிங்க் சல்பேட் போடுங்கள், துத்தநாகப் பஞ்சத்தில்தான் பயிர் காட்மியத்தை அள்ளும். தொழு எருவும் கொஞ்சம் பிடித்து வைக்கும். அடுத்த அறுப்பில் மண்ணோடு ஒரு கைப்பிடி கீரையையும் அலசி, காயவைத்துச் சோதனைக்குக் கொடுங்கள்.