பெங்களூரு–மைசூரு சாலையில் சுற்றுலா கிளஸ்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் டெம்போ டிராவலர் வைத்து வார இறுதிச் சுற்றுலா நடத்தும் நம் ஆட்கள் வாயில் இப்போது 'கிளஸ்டர்' அடிக்கடி வருகிறது. ராமநகரப் பாறை, சென்னபட்டணப் பொம்மை, கொக்கரெபெள்ளூர்ப் பறவை, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று நான்கையும் ஒரே நாளில் கோத்தால் கிடைப்பது ஒரு ரூட், அவ்வளவுதான். விடுதிக்குக் காய்கறி பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், விருந்தினர் அங்குள்ள பட்டறைக்குப் போக வேண்டும், வழிகாட்டியும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். அப்போதுதான் அது கிளஸ்டர். மத்திய அரசின் ஸ்வதேஷ் தர்ஷன் திட்டமே 2014-15இல் பல ஊர்களைக் கோக்கும் சுற்றுப்பாதைகளோடு, அதாவது சர்க்யூட்களோடு தொடங்கி, 2022இல் 2.0 ஆனபோது ஒரு சுற்றுலாத் தலத்தை மையமாக வைக்கும் முறைக்கு மாறிவிட்டது. புதிதாக இறங்குபவர்கள் மட்டும் இன்னும் சர்க்யூட் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

வண்டி பர்மிட், குப்பைப் பை போன்றவை எல்லாருக்கும் தெரியும். விட்டுவிடலாம்.

தலையை எண்ணிவிட்டு ரூபாயை மறப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கலர் கலராகப் படம் போடுவார்கள். வந்தவர் கொடுத்த பணத்தில் எவ்வளவு ஊரில் தங்கியது என்று கேட்டால் பதில் இருக்காது. விடுதியின் தக்காளி பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வரும், படுக்கை விரிப்பு சலவைக்குப் பெங்களூருக்குப் போகும், வழிகாட்டி வண்டியிலேயே வந்து வண்டியிலேயே திரும்புவார். ஊருக்கு மிஞ்சுவது தூசியும் ஹாரன் சத்தமும்.

சோதிக்கும் வழி எளிது. விடுதியின் கடைசி மூன்று மாதக் கொள்முதல் பில்களையும் சம்பளப் பட்டியலையும் எடுங்கள். தாலுகாவுக்குள், மாவட்டத்துக்குள், வெளியே என்று மூன்று அடுக்காகப் பிரித்துக் கூட்டுங்கள். பால், முட்டை, கீரை, சலவை, வழிகாட்டி என ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது.

"உள்ளூரில் வாங்கிப் பார்த்தோம், சரிவரவில்லை" என்பார்கள். சரிவராததற்குக் காரணம் பெரும்பாலும் பணம் கொடுக்கும் முறை. விவசாயிக்கு அன்றே காசு வேண்டும், விடுதிக் கணக்காளரோ மாதக் கடைசியில் பாஸ் செய்வார். சனிக்கிழமை 40 கிலோ கேட்டுவிட்டுச் செவ்வாயன்று 8 கிலோ போதும் என்றால், மீதியை அவர் எங்கே விற்பார்? எட்டுப் பத்து விவசாயிகளை ஒரு குழுவாக்கி, ஒரே இடத்தில் சேகரித்துத் தரம் பிரியுங்கள். அடுத்த வாரத் தேவையைப் புதன்கிழமையே எழுதிக் கொடுங்கள். ஒரு வாரக் கொள்முதல் தொகையைக் குழுவின் கணக்கில் முன்பணமாக வையுங்கள். அன்றைய சந்தை விலையோடு, மிச்சமாகும் லாரி வாடகையில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் சரக்கு தானாக வரும்.

பொம்மைப் பட்டறை, சலவையகம் போன்றவை உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்கள் என்றால் சட்டமே அவர்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். இந்தக் கெடு தாண்டினால் பணம் உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஆடிட்டர் வாயால் இதைச் சொல்லவைத்தால் விடுதிக்காரர் சீக்கிரம் அசைவார்.

பொம்மையைப் பத்து நாளில் கேட்பது

சென்னபட்டணத்தில் கடையும் மரம் பெரும்பாலும் வெட்பாலை. வெட்டிய மரம் சில மாதம் காய வேண்டும். அவசர ஆர்டருக்கு ஈர மரத்தைக் கடைந்தால் பின்னால் வெடிக்கும், பழி கைவினைஞர் மேல் விழும். பெரிய ஆர்டர் என்றால் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். பட்டறையில் 20 நிமிட நிறுத்தமும் வீண். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சி உரசி உருகுவதையும், தாழை ஓலையால் மெருகேற்றுவதையும் நின்று பார்த்தவர்தான் விலை பேசாமல் வாங்குவார். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஆண்டுச் சராசரியில் கொள்ளளவு பார்ப்பது

இந்தச் சாலையில் இல்லாவிட்டாலும் நந்திமலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெரிவது ஞாயிறு அதிகாலையில். அந்த நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்றால் 100 காருக்கு 2,300 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கருக்கும் மேல். தண்ணீரும் அப்படித்தான். ஒரு படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்று வைத்தால் 40 படுக்கைக்கு 7,200 லிட்டர். கிராமங்களுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு நாளுக்கு வைத்திருக்கும் 55 லிட்டர்படி அது ஏறக்குறைய 130 கிராமத்தார் பங்கு. போர்வெல் போடுவதற்கு முன்பே இதைப் பஞ்சாயத்தில் பேசிவிடுங்கள்.

ஆகஸ்டில் கொக்கரெபெள்ளூர்

வேண்டாம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுவது சுமார் டிசம்பர் முதல் ஜூன் வரை.

ராமதேவர பெட்டாவில் ட்ரோன்

ராமநகரத்தின் இந்தப் பாறைக் குன்று 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். கூடவே கூடாது.

எக்ஸ்பிரஸ்வேயை நம்பி நேரம் போடுவது

2023 மார்ச்சில் திறந்த 118 கிலோமீட்டர் சாலை சென்னபட்டணத்தையும் மத்தூரையும் புறவழியில் தாண்டிப் போகிறது. பழைய சாலையோரப் பொம்மைக் கடைகளும் மத்தூர் வடைக் கடைகளும் அடி வாங்கியது அதனால்தான். பழைய சாலைக்கு எங்கே இறங்க வேண்டும், எங்கே மறுபடி ஏற வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் கொடுக்கும் தாளிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் கூகுள் மேப் வண்டியை நேராக மைசூருக்குக் கொண்டுபோய்விடும்.